அரை இஞ்ச் என்னும் புளுகு

அரை இஞ்ச் என்று ஓர் அளவு உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஹார்டுவேர் கடை வாசலில் மட்டும்தான் உண்டு. வீட்டுக்காரர் சொல்கிறார், ப்ளம்பர் சொல்கிறார், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். மூன்று பேரும் சொன்னது மூன்று வேறு அளவாக இருக்கலாம் என்பது மூன்று பேருக்கும் தோன்றுவதே இல்லை. கடைசியில் விஷயம் தெரிய வருவது கீழ்வீட்டுக்காரருக்குத்தான். அவர் வீட்டு சீலிங்கில் மஞ்சளாக ஒரு வட்டம் விழும்போது.

மிகைப்படுத்தல் என்று தோன்றினால் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் தொட்டுவிட்டு மறந்துபோன வெர்னியர் காலிப்பரைத் தேடி எடுக்கலாம். கடையில் "அரை இஞ்ச்" என்று கேட்டால் கிடைக்கிற குழாய்களின் வெளிவிட்டம் இது:

ஜி.ஐ. குழாய் - 21.3 மி.மீ.
தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் பி.இ. குழாய் (எச்.டி.பி.இ., எம்.டி.பி.இ. இரண்டும்) - 20 மி.மீ.
நடுவில் அலுமினியம் வைத்த காம்போசிட் குழாய் - 16 மி.மீ.
சி.பி.வி.சி. குழாய் - 15.9 மி.மீ.
அமெரிக்க அளவுச் செம்புக் குழாய் - 15.9 மி.மீ.
அதே வேலைக்குப் பிரிட்டனில் போடும் செம்புக் குழாய் - 15 மி.மீ.

பைப்பையும் கிளாசையும் விடுங்கள், மரைக்கு வருவோம். அரை இஞ்ச் பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் 20.96 மி.மீ. கணக்குப் புத்தகத்தில் அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. மேலே சொன்ன எந்தக் குழாயின் வெளிப்பக்கமும், எந்த மரையும் 12.7 கிட்டக்கூட வரவில்லை!

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரும்புக் குழாய்க்கு ஒரு காலத்தில் உள்விட்டத்தை வைத்துப் பெயர் வைத்தார்கள். பிறகு நல்ல இரும்பு வந்தது, சுவர் மெலிந்தது. மரை பொருந்த வேண்டுமே என்று வெளி அளவை மாற்றாமல் விட்டார்கள், உள் அளவு பெருத்தது, பெயர் மட்டும் அப்படியே நின்றது. சி.பி.வி.சி.காரர்கள் அமெரிக்கச் செம்புக் குழாயின் அளவைப் பின்பற்றினார்கள். அதில் பெயரைவிட வெளிவிட்டம் கால் அங்குலத்தில் பாதி, அதாவது எட்டில் ஒரு அங்குலம் கூடுதல். பி.இ. குழாய்க்காரர்கள் நேராக மில்லிமீட்டரில் வெளிவிட்டத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். காம்போசிட் குழாயில் "1216" என்று அச்சடித்திருக்கும்: உள்ளே 12, வெளியே 16. ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கடைக்கு வந்ததும் எல்லா நியாயத்தையும் ஒரே சாக்கில் போட்டு "அரை இஞ்ச்" என்று லேபில் ஒட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆர்.ஓ. மெஷினுக்குப் போகிற "கால் இஞ்ச்" டியூபில் கால் இஞ்ச் என்பது வெளிவிட்டம், சரியாக 6.35 மி.மீ. அதே சமையலறையில், அதே சிங்க்குக்குக் கீழே, ஓர் இஞ்ச் வெளியைக் குறிக்கிறது, இன்னொரு இஞ்ச் எதையுமே குறிக்கவில்லை.

சரி, பெயர் எப்படி இருந்தால் என்ன, வேலை நடக்கிறதே என்று கேட்பார்கள். ஜி.ஐ. காலத்தில் நடந்தது. மரை வெட்டி, சணல் சுற்றி, ஒயிட் லெட் தடவி முறுக்கினால் அளவு சரியாக இருந்தால்தான் ஏறும். ஒட்டுகிற பி.வி.சி.யிலும் அப்படித்தான், தப்பான சாக்கெட்டில் குழாய் நுழையவே நுழையாது, நுழைந்தால் கடகடவென்று ஆடும். அந்த இணைப்புகள் தப்பைக் கையிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

கம்ப்ரெஷன் ஃபிட்டிங் அப்படிப்பட்டது அல்ல. தப்பை மறைத்து வைக்கிற ஃபிட்டிங் அது. பிரச்சினையின் வேரே இங்கேதான் இருக்கிறது.

அது வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் புரியும். ஒரு பாடி, ஒரு நட்டு, நடுவில் ஒரு வளையம். செம்புக் குழாய்க்கு என்றால் பித்தளையிலோ செம்பிலோ சின்ன மோதிரம் மாதிரி ஒரு வளையம். ஆலிவ் என்பார்கள், ஃபெரூல் என்பார்கள். நட்டை முறுக்கும்போது இந்த வளையம் பாடியின் சரிவான வாயில் அழுந்தி, சுருங்கி, குழாயைச் சுற்றிப் பிடிக்கிறது. தண்ணீரை நிறுத்துவது இரண்டே இடங்கள்: வளையம் குழாயைத் தொடும் இடம், வளையம் பாடியைத் தொடும் இடம். நட்டின் மரை தண்ணீரை நிறுத்துவதில்லை. அது அழுத்தம் கொடுக்கும் கை, அவ்வளவுதான்.

நீல பி.இ. குழாய்க்குப் போடும் கறுப்பு பிளாஸ்டிக் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கில் இந்த இரண்டு வேலையையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பல் வைத்த, ஓரிடத்தில் வெட்டுள்ள ஒரு வளையம் குழாயைக் கடித்துப் பிடிக்கும். ஒரு ரப்பர் ஓ-ரிங் தண்ணீரை அடைக்கும். காம்போசிட் குழாய் ஃபிட்டிங்கில் பித்தளைத் தண்டு ஒன்று குழாய்க்குள் நுழைகிறது, அதன்மேல் ஓ-ரிங்குகள் இருக்கும், வெளியே இருந்து வளையம் நசுக்குகிறது.

மூன்றுக்கும் பெயர் கம்ப்ரெஷன் ஃபிட்டிங். மூன்றும் வேறு வேறு குழாய்க்கானவை. ஒன்றை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. ஆனால் போட்டால் நிற்கும்! முதல் நாள் நிற்கும். 16 மி.மீ. காம்போசிட் ஃபிட்டிங்கின் நட்டு 15.9 மி.மீ. சி.பி.வி.சி. மேல் சமர்த்தாக ஏறும், ஸ்பேனர் போட்டால் இறுகும். உள்ளே இருக்கிற ஓ-ரிங் அந்தக் குழாயின் உள் அளவுக்கு வார்த்தது அல்ல என்பதும், காம்போசிட் குழாயை நசுக்க வடித்த வளையம் விறைப்பான சி.பி.வி.சி.யை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. ப்ளம்பர் காசு வாங்கிக்கொண்டு போன பிறகு அது சாவகாசமாகத் தெரியும்.

ஆகவே "டேங்கைத் திறந்து பார்த்தாச்சு, ஒரு சொட்டு இல்லை" என்பது எதற்கும் சான்றிதழ் ஆகாது. மொட்டைமாடி டேங்கிலிருந்து மூன்று மீட்டர் கீழே இருக்கிற குழாயில் அழுத்தம் 0.3 பார். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பதுதான் கணக்கு. 0.3 பாருக்குக் கையால் இறுக்கிய நட்டுகூடத் தாங்கும். இரண்டு வருஷம் கழித்து, ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று வீட்டுக்காரர் பிரஷர் பம்ப் வைக்கிறார். இப்போது இரண்டு, மூன்று பார். வாஷிங் மெஷினின் வால்வு சட்டென்று மூடும்போது ஓடுகிற தண்ணீர் முட்டி நின்று குழாயை அதற்கு மேலும் இடிக்கிறது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த தப்பெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. எல்லோரும் பிரஷர் பம்ப்பைத் திட்டுகிறார்கள். பாவம், அது பரீட்சை வைத்த வாத்தியார் மட்டும்தான்.

இந்தத் தப்புகளைக் காப்பாற்றி வளர்ப்பதற்கென்றே சில மந்திரங்கள் இருக்கின்றன.

முதல் மந்திரம்: "டேப் சுத்துங்க."

வெள்ளை டெஃப்ளான் டேப்பைப் போல அளவுக்கு மீறி நம்பப்படுகிற பொருள் வேறு இல்லை. டேப்புக்கு ஒரு இடம் இருக்கிறது. மரையே தண்ணீரை அடைக்க வேண்டிய இடம்: ஜி.ஐ. நிப்பிள், ஆங்கிள் காக்கின் சுவர்ப் பக்க மரை, டேப்பர் மரை உள்ள எதுவும். அங்கே சுற்றுங்கள், நன்றாகச் சுற்றுங்கள். கம்ப்ரெஷன் நட்டின் மரையில் சுற்றுவது சட்டைப் பொத்தானுக்கு ஃபெவிகால் தடவுவது மாதிரி. தண்ணீர் அந்த மரை வரைக்கும் வந்துவிட்டது என்றாலே வளையம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். டேப் அந்தத் தோல்வியை ஆறு மாதம் மூடி வைக்கிறது, அவ்வளவுதான். வாஷ் பேசினுக்குப் போகிற கனெக்‌ஷன் டியூபின் நட்டும் அப்படியே. அங்கே அடைப்பது உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர். வாஷரைத் தொலைத்துவிட்டு ஏழு சுற்று டேப் போடுகிற வீரர்கள் ஊருக்குப் பத்துப் பேர்.

இரண்டாவது மந்திரம்: "இன்னும் ஒரு டைட் குடு."

லீக் ஆகிறதா? டைட் பண்ணு. இன்னும் ஆகிறதா? பெரிய ரெஞ்சை எடு. கம்ப்ரெஷன் இணைப்பில் இது நேர் எதிரான வேலையைச் செய்கிறது. 15 மி.மீ. செம்புக் குழாயில் நட்டைக் கையால் இறுகும் வரை முறுக்கிவிட்டு, அதற்கு மேல் ஸ்பேனரால் ஏறக்குறைய ஒரு சுற்று போதும். தயாரிப்பாளர் தாளில் முக்கால் என்றால் முக்கால், ஒண்ணேகால் என்றால் ஒண்ணேகால். அதைத் தாண்டினால் வளையம் குழாயின் இடுப்பை ஒடுக்குகிறது. ஒடுங்கிய குழாயை விட்டு வளையம் விலகுகிறது. மறுபடி லீக். மறுபடி டைட். பித்தளை நட்டு வாய்விட்டுப் பிளக்கும் வரை இந்த ஆட்டம் நடக்கும். பிளாஸ்டிக் குழாய் என்றால் நிலைமை இன்னும் மோசம். பிளாஸ்டிக் அழுத்தத்துக்கு ஒரேயடியாக உடையாது, கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக் கொடுக்கும். இன்று இறுக்கமாக இருப்பது ஒரு மாதத்தில் தளர்ந்திருக்கும். அதனால்தான் மெத்தென்ற குழாய்க்குள் முதலில் ஒரு சின்ன உள்குழலை நுழைத்துவிட்டு வெளியே இருந்து இறுக்கச் சொல்கிறார்கள். உள்ளே முட்டுக் கொடுக்க ஒன்று இருந்தால்தான் வளையத்துக்கு வேலை. பொட்டலத்தில் வருகிற அந்தக் குழலைத்தான் முதலில் தூக்கி எறிகிறார்கள், "இது எதுக்குன்னே தெரியல சார்" என்று.

காம்போசிட் ஃபிட்டிங்கில் இதே மாதிரி அநாதையாகிற இன்னொரு பொருள், மெல்லிய பிளாஸ்டிக் வாஷர். குழாய் நடுவில் இருக்கும் அலுமினியமும் ஃபிட்டிங்கின் பித்தளையும் நேராகத் தொட்டுக்கொண்டு, கூடவே தண்ணீரும் சேர்ந்தால், அது ஒரு பாட்டரி. அலுமினியம் அரிக்கும். அந்த இரண்டையும் பிரித்து வைக்கத்தான் வாஷர். பத்தாம் வகுப்பு ரசாயனம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு "காம்போசிட் பைப்பே சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

மூன்றாவது மந்திரம்: "பித்தளைன்னா பித்தளைதான் சார்."

இது மூன்றிலும் பெரிய பொய். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. எவ்வளவு துத்தநாகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மலிவான ஃபிட்டிங்கில் துத்தநாகம் நாற்பது சதவிகிதத்துக்குப் பக்கத்தில் போகும். குளோரைடு மிகுந்த உப்புத் தண்ணீர், அதுவும் சூடாக, அதன் வழியே ஓடினால் துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் பஞ்சு மாதிரி ஓர் எலும்புக்கூடு. உருவம் அப்படியே இருக்கும், பலம் போய்விட்டிருக்கும். ஒரு நாள் ஸ்பேனர் வைத்ததும் மண்சட்டி மாதிரி உடையும். இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. தமிழில் துத்தநாகம் உதிர்தல் என்று சொன்னால் போதும்.

இதைத் தாங்குகிற பித்தளையும் இருக்கிறது. துத்தநாகத்தைக் கொஞ்சம் குறைத்து, துளியூண்டு ஆர்சனிக் சேர்த்து, பதப்படுத்திச் செய்வது. டி.இசட்.ஆர். என்பார்கள். பிரிட்டனில் இதன்மேல் "சி.ஆர்." என்று முத்திரை குத்துகிறார்கள், ஆஸ்திரேலியாவில் "டி.ஆர்." என்று. சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 6509 என்று தனி விதியே இருக்கிறது: 75 டிகிரி சூட்டில், ஒரு சதவிகித காப்பர் குளோரைடு கரைசலில், 24 மணி நேரம் ஊற வைத்து, அரிப்பு எவ்வளவு ஆழம் போனது என்று அறுத்துப் பார்க்கிறார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் 1995 முதல் 2007 வரை கிட்டெக் என்ற பெயரில் காம்போசிட் குழாயும் பித்தளை ஃபிட்டிங்கும் லட்சக்கணக்கில் வீடுகளுக்குள் போயின. ஃபிட்டிங்கில் துத்தநாகம் உதிர்கிறது, குழாய் அடைக்கிறது, வெடிக்கிறது என்று வீட்டுக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2011-ல் 12.5 கோடி அமெரிக்க டாலருக்குச் சமரசம் ஆனது. இன்றைக்கும் அங்கே வீடு வாங்குகிறவர்கள் சுவருக்குள் கிட்டெக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஏரித் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் குடிக்கிற தேசத்திலேயே இந்தக் கதை. சென்னைக் கடற்கரை ஓரத்திலும், ராமநாதபுரத்திலும் போர் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 1000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500. அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டும் தாண்டியும் ஓடுகிற தண்ணீருக்கு "பித்தளைன்னா பித்தளைதான்" என்று ஃபிட்டிங் எடுத்துக் கொடுக்கிறார்கள். தட்டிப் பார்த்து, "கனமா இருக்கு சார், நல்ல மால்" என்று சான்றிதழ் வேறு.

அதே பித்தளையில் இன்னொரு சமாசாரம், காரீயம். லேத்தில் சுலபமாகக் கடைய வரட்டும் என்று வழக்கமான பித்தளையில் இரண்டு, மூன்று சதவிகிதம் காரீயம் சேர்ப்பார்கள். குடிநீர் தொடும் குழாய்ச் சாமான்களில் காரீயம் சராசரியாக 0.25 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா 2014 ஜனவரியிலிருந்து சட்டமாகவே வைத்திருக்கிறது. ஐ.எஸ். 10500 தண்ணீரில் அனுமதிக்கும் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். ராத்திரி முழுக்கப் பித்தளைக்குள் நின்ற தண்ணீரைக் காலையில் முதல் வேலையாகப் பிடித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற வீட்டில், ஃபிட்டிங் எந்தக் கலவை என்பது அழகு சார்ந்த விஷயம் இல்லை.

நான்காவதாக ஒரு பழக்கம் இருக்கிறது, மந்திரம்கூட இல்லை, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சுவருக்குள் புதைப்பது.

கம்ப்ரெஷன் இணைப்பின் பெருமையே அது கழற்றி மாட்டக்கூடியது என்பதுதான். கழற்றிப் பார்க்கலாம், புது வளையம் போடலாம், தளர்ந்தால் ஒரு கால் சுற்று கொடுக்கலாம். அதைச் சிமென்ட் பூசி, மேலே இத்தாலியன் டைல்ஸ் ஒட்டி மூடினால் இருந்த ஒரே நல்ல குணமும் போச்சு. சுவருக்குள் போவது ஒட்டுகிற இணைப்பாக இருக்கட்டும், அல்லது இணைப்பே இல்லாத முழுக் குழாயாக இருக்கட்டும். கம்ப்ரெஷன் என்றால் கண்ணுக்கும் கைக்கும் எட்ட வேண்டும். டைல்ஸ் வரிசை கெடுகிறது, மூடி போட்டால் அசிங்கமாக இருக்கிறது என்பது வீட்டுக்காரரின் வாதம். சுவரை உடைக்கும்போது அந்த வரிசை எவ்வளவு அழகாக இருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

ஒரு சொட்டில் என்ன போய்விடும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 4.3 லிட்டர். வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்த ஊரில் இது சின்னக் கணக்கு இல்லை. தண்ணீரை விட்டாலும், அந்தச் சொட்டு போய்ச் சேருமிடம் சுவரும் கம்பியும் சுவிட்ச் போர்டும்.

இத்தனைக்கும் பழி யார்மேல்? வழக்கமாக ப்ளம்பர்மேல். "இந்தக் காலத்துல ஒழுங்கா வேலை தெரிஞ்ச ப்ளம்பரே கெடைக்கிறதில்லப்பா." அந்தப் புலம்பலில் பாதி உண்மைதான். ஆனால் மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஐ.டி.ஐ.யில் ப்ளம்பருக்கு ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் அதைப் படித்தாயா என்று கேட்கிற வீட்டுக்காரர் எத்தனை பேர்? மீட்டர் போர்டைத் தொட வருபவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று விசாரிக்கிறவர்கள், சுவருக்குள் தண்ணீரை ஓட விடுபவரிடம் "நாள் கூலி எவ்வளவு, கொஞ்சம் பார்த்துப் போட்டுக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஷவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியும். பளபளவென்று நாலு வகைக் குழாயைப் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஃபிட்டிங்கை மட்டும், "ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வாப்பா" என்று ப்ளம்பரின் உதவியாளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பையன் கடையில் என்ன கேட்பான்? "அண்ணே, அரை இஞ்ச் கம்ப்ரெஷன் ஒண்ணு குடுங்க." கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். சங்கிலி முழுமை அடைந்தது.

கடைக்காரர் மட்டும் யோக்கியரா? பத்து நிறுவனத்துச் சாமானை ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். ஒரு நிறுவனத்தின் நட்டு, இன்னொன்றின் வளையம், மூன்றாவதின் பாடி. கை வைத்து எடுத்தால் கலப்புத் திருமணம். சரிவின் கோணமும் வளையத்தின் அகலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். ஒரே நிறுவனத்தின் முழு செட்டாக எடுத்தால்தான் அந்த நிறுவனம் சொன்ன அழுத்தத்தைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியும்.

"அட போங்கய்யா, இவ்வளவு வம்பு எதுக்கு? எல்லாத்தையும் ஒட்டிவிட்டால் தீர்ந்தது" என்று ஒரு கட்சி இருக்கிறது. சி.பி.வி.சி. வந்த பிறகு அந்தக் கட்சிக்கு ஆள் பலம் ஜாஸ்தி. சுவருக்குள் அவர்கள் சொல்வது சரி. ஆனால் மீட்டர், ஆர்.ஓ. மெஷின், கீசர், மோட்டார் எல்லாம் கழற்றி மாட்ட வேண்டியவை. தெருவிலிருந்து வரும் பி.இ. குழாயை எந்த சால்வென்ட்டாலும் ஒட்ட முடியாது. சூடு வைத்து உருக்கிச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கம்ப்ரெஷன் போட வேண்டும். ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சி.பி.வி.சி.க்குச் சில எண்ணெய்களும், மெத்தென்ற பி.வி.சி.யிலிருந்து கசிகிற ரசாயனமும், சில மரைப் பசைகளும் ஆகாது. சுலபமாக நுழையட்டும் என்று சமையல் எண்ணெயோ கிரீஸோ தடவினால் நாளடைவில் கீறல் விடும். எந்த இணைப்பும் யோசிக்காமல் செய்வதற்கு லைசென்ஸ் தருவதில்லை.

"எங்க தாத்தா காலத்துல இந்த அளவெல்லாம் யார் பார்த்தாங்க?" என்பது இன்னொரு கட்சி. தாத்தா காலத்தில் குழாய் ஒரே வகை, இரும்பு. அளவு ஒன்று, மரை ஒன்று, அரை இஞ்ச் என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள் புரிந்தது. இன்று ஒரே வீட்டுக்குள் நாலு வகைக் குழாய் ஓடுகிறது. சொல் மட்டும் ஒன்று. தாத்தாவின் சொல்லை வைத்துக்கொண்டு பேரனின் குழாயை வாங்க முடியாது.

ஆக, சரியான ஃபிட்டிங் எது? ஐந்தே கேள்வி.

எந்தக் குழாய்? குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும். சி.பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 15778, பி.இ. என்றால் ஐ.எஸ். 4984, காம்போசிட் என்றால் ஐ.எஸ். 15450. அந்தக் குழாய்க்கென்று செய்த ஃபிட்டிங், அதே குழாய்க்குத்தான்.

வெளிவிட்டம் எத்தனை மில்லிமீட்டர்? இஞ்ச் வேண்டாம். அளந்து சொல்ல வேண்டும். மறுமுனையில் மரை இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: "ஒரு பக்கம் 20 மி.மீ. பி.இ., மறுபக்கம் அரை இஞ்ச் பி.எஸ்.பி. வெளி மரை." இஞ்ச்சுக்கு மரியாதை மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்த மரைதான்.

சூடா, குளிர்ச்சியா, எத்தனை பார்? கறுப்பு பிளாஸ்டிக் கம்ப்ரெஷன் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும். சாதா பி.இ. வைத்த காம்போசிட் 60 டிகிரி வரைதான். கீசர் லைனுக்கு 82 டிகிரி தாங்குகிற பெக்ஸ் வகை வேண்டும். பிரஷர் பம்ப் இன்று இல்லாவிட்டாலும் நாளைக்கு வரும் என்று வைத்தே வாங்க வேண்டும்.

என்ன தண்ணீர்? உப்புத் தண்ணீர் என்றால் டி.இசட்.ஆர். பித்தளை, அல்லது பித்தளையே தண்ணீரைத் தொடாத ஃபிட்டிங். குடிக்கிற லைன் என்றால் காரீயம் குறைந்தது.

கை எட்டுமா? எட்டாத இடம் என்றால் கம்ப்ரெஷன் வேண்டாம்.

மாட்டும்போது நேராக வெட்டி, பிசிறு நீக்கி, காம்போசிட் என்றால் வாயை வட்டமாக விரித்து, வளையத்தைப் புதிதாகப் போட்டு, சொன்ன சுற்றோடு நிறுத்தி, மூடுவதற்கு முன்னால் கை பம்ப்பால் நிஜமான அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. டேங்கைத் திறந்து பார்ப்பது சோதனை அல்ல, சம்பிரதாயம்.

இதில் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. அந்தக் குழாயிலேயே அரையடித் துண்டு ஒன்றை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். கடைக்காரர் "அரை இஞ்ச்தானே சார்?" என்று கேட்பார். துண்டைக் கல்லாப் பெட்டிமேல் வைத்து, "அளந்து பாருங்க" என்றால் போதும்.